இடம் மாறினால் அட்டையைப் புரட்டு

ஊசி என்ற பட்டப்பெயரை அவளுக்கு யார் வைத்தது என்பதில் அந்தத் தையல் கூடத்தில் இரண்டு கட்சி உண்டு. காலர் தைக்கும் வரிசைக்காரர்கள் தாங்கள்தான் என்பார்கள். கை பொருத்தும் வரிசைக்காரர்கள், அதெல்லாம் இல்லை, அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசரை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்டாளே, அன்றைக்கே நாங்கள் வைத்துவிட்டோம் என்பார்கள். பெயர் பொருந்திப் போனதில் மட்டும் யாருக்கும் மறுப்பில்லை. கோபம் அவளுக்கு மூக்கு நுனியிலேயே குடியிருந்தது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாட்களில், அவள் எதிரே சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னிக்கு யாரு?" என்று மட்டும் கேட்பார். யார் மேல் கோபம் என்று அர்த்தம். தட்டு காலியாவதற்குள் அவள் சொல்லி முடித்துவிடுவாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவளுடைய கோபங்களில் பாதிக்கு மேல் நியாயம் இருந்தது. மெஷின் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நூல் அறுந்துகொண்டே இருந்தாலோ, தையல் தாவினாலோ, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். மெக்கானிக்குகள் அத்தனை பேரும் ஆண்கள். கூடத்தின் கோடியில் கண்ணாடி அறைக்குள் இருப்பார்கள். இவள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அவர்கள் பார்க்க வேண்டும், பார்த்தும் பாராதது போல் இருக்க வேண்டும், பிறகு ஒருவர் சோம்பல் முறித்துக்கொண்டு வர வேண்டும். அதற்குள் முந்தைய மேசையிலிருந்து வந்த துணி இவள் முன்னால் மலையாகக் குவிந்திருக்கும். சூப்பர்வைசர் வந்து திட்டுவது மெஷினையும் இல்லை, மெக்கானிக்கையும் இல்லை. ஒரு தடவை, பாதி வேலையில் டீ குடிக்கப் போன மெக்கானிக்கின் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தன் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடி, அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் வேலையை முடித்துக் கொடுத்த பிறகுதான் டப்பா திறந்தது.

அதனால், பெண்களும் மெக்கானிக் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கம்பெனி அறிவித்தபோது, கூடமே அவளைத்தான் திரும்பிப் பார்த்தது. செய்முறைத் தேர்வு ஒன்று, கணக்குத் தேர்வு ஒன்று. புதிதாக வந்த மெஷின்களின் வேகத்தையும் சக்கர அளவையும் சமன்பாடு போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததாம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தைக் கை கழுவியவள் அவள். ஆனாலும் பெயரைக் கொடுத்தாள். கொடுத்ததோடு நில்லாமல், பொத்தானையும் இழுத்துக்கொண்டாள்.

பொத்தான், சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் வேலை செய்கிறவள். இவளைவிட ஏழெட்டு வயது சின்னவள், புருஷன் விட்டுப் போனவள், ஒரு மகள் இருக்கிறாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஊசியை அக்கா அக்கா என்று சுற்றி வந்தவள். எனக்கெதுக்குக்கா கணக்கெல்லாம், நான் இப்படியே இருந்துட்டுப் போறேன் என்றாள். ஊசி அவளையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். காஜா மெஷின் முன்னால் குனிந்து குனிந்து முதுகு வளைந்து போவதற்கா பிறந்தாய் என்றாள். நான் இருக்கிறேன், என் கூட வா என்றாள். அப்படி ஏழு பெண்கள் சேர்ந்தார்கள்.

கற்றுக்கொடுக்கக் கம்பெனி ஒருவரை ஒப்பந்தத்தில் போட்டது. எல்லோருக்கும் அவர் சார். வேலை முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. சார் கெட்டிக்காரர்தான். பலகையில் எழுதிப் போட்டால் நாள் முழுக்க உழைத்தவர்கள் தூங்கி விழுவார்கள் என்பதை முதல் நாளே பிடித்துக்கொண்டார். பெட்டி அட்டையை வெட்டிச் சின்னச் சின்னதாக அடுக்கினார். ஒரு அட்டையில் 2x, இன்னொன்றில் 5, வேறொன்றில் 6x. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. மேசை நடுவே ஒரு இரும்பு ஸ்கேலை வைத்தார். அதுதான் சமக்குறி.

"இது உங்க வேலைதான்," என்றார். "பண்டல் பிரிக்கும்போது என்ன செய்றீங்க? கை கையோட, காலர் காலரோட. ரெண்டையும் சேர்த்து எண்ண மாட்டீங்கல்ல? அதே மாதிரி எக்ஸ் எக்ஸோட, நம்பர் நம்பரோட. எக்ஸ் எல்லாம் ஸ்கேலுக்கு இந்தப் பக்கம், நம்பர் எல்லாம் அந்தப் பக்கம். இடம் மாறினா அட்டையைப் புரட்டு. அவ்ளோதான்."

ஏழு பேருக்கும் கற்பூரம் போலப் பற்றிக்கொண்டது. 7x + 4 = 2x + 19 என்று அடுக்கினால், ஸ்கேலுக்கு அந்தப் பக்கம் இருந்த 2x அட்டையை எடுத்து இந்தப் பக்கம் கொண்டு வருவார்கள், புரட்டுவார்கள், கழித்தல் ஆகும். 4 அந்தப் பக்கம் போகும், புரட்டுவார்கள். 5x ஒரு பக்கம், 15 மறுபக்கம். x என்றால் 3. மேசையில் அட்டைகள் பறந்தன. ஊசிக்கு வீட்டில் காய் நறுக்கும்போதுகூடக் கை புரட்டிப் புரட்டிப் பார்த்தது. எட்டாவதில் எந்தக் கணக்கைப் பார்த்து அழுதாளோ அதை இப்போது மேசையில் கவிழ்த்துப் போட்டு விளையாடினாள். வீட்டுக்காரர், "என்ன, நாலு நாளா யார் மேலயும் கோபத்தைக் காணோம்?" என்று சந்தேகப்பட்டார்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. சார் கொடுத்த கணக்குகளில் நகர வேண்டிய அட்டை எல்லாமே ஸ்கேலைத் தாண்டித்தான் நகர்ந்தது. ஒரே பக்கத்துக்குள் இருந்த அட்டைகள் எப்போதும் அடுத்தடுத்துதான் இருந்தன. தாண்டினால் மட்டும் புரட்டு என்று அவர் சொல்லவில்லை. இடம் மாறினால் புரட்டு என்றார். அவர்களும் அட்டையைக் கையில் எடுத்தாலே புரட்டப் பழகிவிட்டார்கள்.

தேர்வு, துணி வெட்டும் நீள மேசையில் நடந்தது. ஏழு பெண்களும் ஒரு பக்கம், அதே வேலைக்கு விண்ணப்பித்திருந்த ஆண்கள் எதிர்ப்பக்கம். கடைசிக் கணக்கு இது: 6x + 5 − 2x = 37. மேசையில் அட்டை இல்லை, தாள்தான். ஆனால் ஏழு பேரும் மனசுக்குள் அட்டையை எடுத்தார்கள். எக்ஸ் எக்ஸோடு. −2x ஐத் தூக்கி 6x பக்கத்தில் வைத்தார்கள். தூக்கியதால் புரட்டினார்கள். கழித்தல், கூட்டலாகிவிட்டது. 8x, எதிரே 32. x என்றால் 4. பின்னம் கின்னம் எதுவும் இல்லாமல் சுத்தமாக வந்த விடையைப் பார்த்து ஏழு பேரும் திருப்தியாக எழுந்து போனார்கள். சரியான விடை 8.

மூன்றாம் நாள் மேனேஜர் ஏழு பேரையும் கூப்பிட்டார். மேனேஜரும் ஒரு பெண்தான். பெண்களை மெக்கானிக் ஆக்கலாம் என்று மேலிடத்தில் வாதாடியதே அவர்தான் என்று பேச்சு. அதனாலேயே அவருக்கு முகம் சிவந்திருந்தது. ஏழு தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். ஒரே தப்பு, ஒரே வரியில், ஒரே விடை. ஒருத்தி எழுத மற்ற ஆறு பேரும் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்காக வாதாடிய என் புத்தியைச் சொல்ல வேண்டும் என்றார். இனி இந்தக் கூடத்தில் எந்தப் பெண்ணையும் இந்தத் தேர்வுக்கு அழைக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

மற்றவர்கள் தலை குனிந்தார்கள். பொத்தானின் கண்ணில் நீர் முட்டியது. ஊசிக்கு உச்சந்தலையில் தீ வைத்தாற்போல் இருந்தது. அவள் வாழ்க்கையில் எத்தனையோ செய்திருக்கிறாள், ஒருத்தர் பொருளைத் தொட்டதில்லை. ஸ்க்ரூடிரைவரைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ஆம்பளைங்க ஆளுக்கொரு தப்பு செஞ்சாங்க, அது தப்பு. நாங்க ஏழு பேரும் ஒரே தப்பு செஞ்சோம், அது திருட்டா மேடம்?" என்றாள். "எங்களைத் தனித்தனியா கூப்பிட்டு வெச்சுப் பாருங்க. ஆளுக்கு ஒரு கணக்கு. ஒரே ஒரு தடவை. கதவைச் சாத்திக்குங்க. அப்பவும் பாத்து எழுதினோம்னு சொல்லுங்க, நாங்க கேட்டுக்கறோம்."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சரி, நாளை மறுநாள் காலை என்றார். ஆளுக்கு ஒரே கணக்கு, இரண்டாவது வாய்ப்புக் கிடையாது, நீ கேட்டபடியே. அதுதான் கடைசி மதிப்பெண் என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு ஏழு பேரும் ஒன்றுபோலத் தப்பாகப் போட்டுவிட்டு, இப்போது ஏழு பேரும் ஒன்றுபோலச் சரியாகப் போட்டால், நடுவில் யாரோ சொல்லிக்கொடுத்துக் கூட்டாக வேலை செய்கிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மறுநாள் பொத்தான் வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அன்றைக்கு டீ நேரத்தில் சார், நூல் கண்டுகள் அடுக்கும் அறைக்கு ஒவ்வொருவராக வரச் சொன்னார். ஊசி கடைசியாகப் போனாள். சார் குரலைத் தாழ்த்தி, ஒரு அட்டையை எடுத்து ஸ்கேலுக்கு இந்தப் பக்கமே நகர்த்திக் காட்டினார். புரட்டவில்லை. தன் பக்கத்துக்குள்ளேயே நகர்ந்தால் குறி மாறாது, ஸ்கேலைத் தாண்டினால்தான் மாறும் என்றார். மற்ற ஐந்து பேருக்கும் சொல்லிவிட்டேன், நாளைக்குச் சரியாகப் போட்டுவிடுங்கள், பழசைக் கிளற வேண்டாம் என்றார்.

ஊசிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் கோபம் வந்த வேகத்தில் காதுக்குள் இரைந்தது. இத்தனை பேர் தலை குனிந்து நின்றபோது இந்த மனிதர் எங்கே போயிருந்தார்?

"இதை மேடம்கிட்ட போய்ச் சொல்லுங்க சார். நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சார் மென்று முழுங்கினார். ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது, நீட்டிக்க மாட்டார்கள் என்றார். அவள் விடவில்லை. கடைசியில் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "நான் அப்படிச் சொல்லிக் குடுக்கவே இல்லைன்னுதான் சொல்வேன்மா," என்றார்.

அவள் வெளியே வந்து தன் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கால் தானாக மிதித்தது, கை தானாகத் தைத்தது. நாளைக்குச் சரியாகப் போட்டால் திருடி. தப்பாகப் போட்டால் மக்கு, வேலையும் கிடைக்காது. நல்லா மாட்டிவிட்டார்கள் என்று பல்லைக் கடித்தாள். மேனேஜர் மேல் கோபம் வந்தது, சார் மேல் கோபம் வந்தது, பார்க்கப் பார்க்க எதிர்ச் சுவர் மேல்கூடக் கோபம் வந்தது. அப்போதுதான் பொத்தானின் காலி மெஷின் கண்ணில் பட்டது. பொத்தானுக்கு இன்னும் தெரியாது. அவள் ஒருத்தி மட்டும் முன்னால் போய், பூட்டிய அறையில், பழகியபடியே போட்டால், அதே தப்பு வரும். பக்கத்தில் யாரும் இல்லாமல் வரும். அதற்கு மேல் மேனேஜர் வாயைத் திறக்க முடியாது.

வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் மற்ற ஐந்து பேரிடமும் சொன்னாள். யாரும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவரவர் துப்பட்டாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவளும்தானே படித்தாள் என்று ஒருத்தி முனகினாள். ஏழு பேர் மானமும் போகட்டும் என்கிறாயா என்று ஊசி சீறினாள். அதோடு பேச்சு அடங்கியது. அவளுக்கு எதிரே பேசி ஜெயித்தவர்கள் அந்தக் கூடத்தில் இல்லை.

மறுநாள் காலை பொத்தான் வாசலிலேயே காத்திருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. மகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். ராத்திரி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அட்டை இல்லாமலே பத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். பிறகு, "நேத்து சார் ஏதாச்சும் சொன்னாராக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல," என்றாள் ஊசி. "பழகின மாதிரியே போடு. நீ முதல்ல போ."

பொத்தான் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. ஆறு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சார் தூரத்தில் தண்ணீர்க் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. முதலில் மேனேஜர் வந்தார். கையில் பொத்தானின் தாள். 7x + 3 − 2x = 48 என்ற கணக்கில், −2x ஐ நகர்த்திக் கூட்டலாக்கி, 9x என்று எழுதி, x என்றால் 5 என்று முடித்திருந்தாள். மேனேஜர் ஆறு பேரையும் பார்த்து, உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன், இது பார்த்து எழுதிய தப்பு இல்லை, உங்களுக்குப் பழக்கிவிட்ட தப்பு என்றார். அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது. குழாயடியில் இருந்தவரைக் கைகாட்டி உள்ளே வரச் சொன்னார். நடுவில் திருத்திக்கொடுத்ததை அவர் ஒப்புக்கொள்வதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மற்றவர்கள் தேர்வு எழுதலாம், சொன்னபடி ஆளுக்கு ஒரு கணக்கு, அதில் மாற்றமில்லை என்று மேனேஜர் அறிவித்தார்.

சார் உள்ளே போனதுமே பொத்தான் வெளியே வந்துவிட்டிருந்தாள். அவள் முகம் வாடியிருந்தது, ஆனால் சிரிக்கவும் முயன்றாள். "தப்பாப் போட்டுட்டேன்கா. ஆனா நாம பாத்து எழுதலன்னு மேடம் ஒத்துக்கிட்டாங்க," என்று சொல்ல ஆரம்பித்தாள். ஊசி ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவளுக்கு முகத்தில் ஆச்சரியத்தைக் கொண்டுவரத் தெரியவில்லை. விட்டது பாரம் என்ற நிம்மதிதான் வந்தது. வரிசையாக உட்கார்ந்திருந்த மற்ற ஐந்து முகங்களும் தரையைப் பார்த்தன. பொத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்க எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்," என்றாள்.

ஊசி எழுந்து நின்றாள். ஏழு பேர் பெயரும் உன்னால்தான் பிழைத்தது, வேறு வழியே இல்லை, சொல்லியிருந்தால் எல்லோரும் திருடிகள் ஆகியிருப்போம் என்று படபடவெனச் சொன்னாள். குரலை உயர்த்திச் சொன்னாள். எல்லாம் உண்மைதான். பொத்தான் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். அவள் கோபப்பட்டு யாரும் அதுவரை பார்த்ததில்லை. இப்போதும் அவள் குரல் உயரவில்லை.

"யாராச்சும் ஒருத்தி தப்பாப் போட்டாப் போதும்னா, தெரிஞ்சவங்களும் போட்டிருக்கலாமேக்கா. நீங்களே முதல்ல போய் அதே தப்பைப் போட்டிருக்கலாமே."

நேற்று டீ நேரத்திலிருந்து இன்று காலை வரை ஊசி எத்தனையோ வழி யோசித்தாள். இந்த ஒரு வழி மட்டும் அவள் புத்தியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பொத்தான் தன் மெஷினுக்குத் திரும்பிப் போனாள். உள்ளிருந்து மேனேஜர் அடுத்தது யார் என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் ஊசியைப் பார்த்தார்கள்.

அவள் உள்ளே போனாள். 5x + 4 − 3x = 20. நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். தப்பாகப் போட இப்போதும் முடியும். −3x ஐப் புரட்டினால் 8x, எதிரே 16, x என்றால் 2. கை அந்தப் பாதையை நன்றாக அறியும். போட்டுவிட்டு வெளியே போய், இந்தா, நானும் உன் கூடத்தான் என்று பொத்தானிடம் காட்டலாம். அதனால் பொத்தானுக்கு என்ன வரும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் மிகவும் நியாயமாகப் பேசியது. இத்தனை வருஷம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதை எண்ணிப் பார் என்றது. அந்தக் குரலின் மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் போல அதுவரை யார் மேலும் வந்ததில்லை. ஆனாலும் அது சொன்னபடிதான் கேட்டாள். −3x ஐப் புரட்டாமல் 5x பக்கத்தில் எழுதினாள். 2x. எதிரே 16. x என்றால் 8. திரும்பப் போட்டுச் சரிபார்க்கவும் செய்தாள். எட்டைந்து நாற்பது, நாலு நாற்பத்திநாலு, அதில் இருபத்திநாலு போக இருபது. சரியாக வந்தது.

அவளுக்கும் இன்னொருத்திக்கும் வேலை கிடைத்தது. கண்ணாடி அறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலியும், ஒரு கருவிப்பெட்டியும். அந்த அறைக்குள் உட்கார்ந்து அவள் யாரையும் காக்க வைத்ததில்லை. கை தூக்கிய மறு நொடி ஓடினாள். எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள். சாரை அனுப்பிவிட்டார்கள், அதில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து, "இன்னிக்கு யாரு?" என்று கேட்டபோது, சாப்பிடுங்க என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாம் வாரம் காஜா மெஷின் நின்றது. பொத்தான் கையைத் தூக்கினாள். மற்ற மெக்கானிக்குகள் எல்லோரும் வெளியே இருந்தார்கள். ஊசி பெட்டியை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். வழி நெடுக என்ன சொல்வது என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனாள். அவள் வருவதைப் பார்த்ததும் பொத்தான் கையைக் கீழே போட்டாள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவரிடம்தான் பேசினாள்.

"வேற யாராச்சும் வரட்டும் சார். நான் காத்திருக்கேன்."

அவள் முன்னால் துணி குவிந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் அவளைத் திட்டத் தொடங்கினார். என்ன திமிர், மெக்கானிக் வந்து நிற்கிறாள், வேண்டாம் என்கிறாயா, இன்றைய கணக்கு யார் முடிப்பது என்று குரலை ஏற்றினார். பொத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பொத்தானின் கோபம் எவ்வளவு நியாயமானது என்று கூடத்தில் மற்ற யாரையும்விட ஊசிக்குத் தெரிந்தது. அவளைத் திட்டாதீங்க சார் என்று சொன்னாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல், திறக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.